அம்மாவின் டின் வேறு, நம் டின் வேறு: தேங்காய்ப்பால் பாயாசம் ஏன் திரிகிறது?

கேட்டவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அம்மா வைத்த சவ்வரிசி சேமியா பாயாசத்தை, அவர் சொல்லச் சொல்ல எழுதிய தாளைப் பார்த்து இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வைக்கிறார். தாளில் இருப்பது இவ்வளவுதான்: சவ்வரிசி அரை டின், சேமியா ஒரு கைப்பிடி, பால் ஒரு டின், தேங்காய் ஒன்று, சீனி பார்த்துப் போடு, ஒரு கொதி வந்ததும் இறக்கு. இரண்டு தடவைக்கு ஒரு தடவை தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது. திரியாத நாளில் மறுநாள் காலை கத்தி போட்டு வெட்டலாம் போல இறுகிவிடுகிறது. தீபாவளிப் படையலுக்கு இதைத்தான் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும், சரியான அளவு என்ன என்பது கேள்வி.

அளவு சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தாளை ஒருமுறை சரியாகப் படித்துவிடலாம். அம்மா சொன்னதில் தப்பில்லை, உங்கள் கையிலும் தப்பில்லை. தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இன்று வேறு ஒரு பொருளைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் டின். தோட்டத்து அடுப்படியில் அரிசி, மாவு, சவ்வரிசி எல்லாவற்றுக்கும் அளவுகோல் காலியான கெட்டிப்பால் (சீனி சேர்த்த கண்டென்ஸ்ட் மில்க்) டின்தான். பழைய 14 அவுன்ஸ் டின்னில் 397 கிராம் கெட்டிப்பால் இருக்கும். கெட்டிப்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனம் என்பதால், அந்த டின் பிடிக்கும் தண்ணீர் 305 மில்லி வாக்கில்தான். இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது அரைக்கிலோ டின். அதில் 385 மில்லி பிடிக்கும். ஆகவே பழைய டின்னில் அரை டின் சவ்வரிசி என்றால் சுமார் 115 கிராம். இன்றைய டின்னில் அதே அரை டின் 145 கிராம். கூடுதலாக விழுந்த அந்த 30 கிராம்தான் மறுநாள் காலையில் உங்களைக் கத்தி தேட வைக்கிறது. வீட்டில் பழைய டின் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். டிஜிட்டல் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. அந்த எண்ணைத் தாளின் மேலே எழுதுங்கள், தாள் உடனே பேச ஆரம்பித்துவிடும். அதே தாளில் எங்காவது 'கட்டி', 'தாயில்' என்ற பழைய எடை அளவுகள் இருந்தால், ஒரு கட்டி 605 கிராம், ஒரு தாயில் 38 கிராம், 16 தாயில் ஒரு கட்டி.

அடுத்தது 'பால் ஒரு டின்'. அது கெட்டிப்பாலா, சீனி சேர்க்காத சுண்டக் காய்ச்சிய பாலா என்று தாள் சொல்லவில்லை. சீனி 'பார்த்துப் போடு' என்று இருப்பதால் சுண்டக் காய்ச்சிய பாலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கெட்டிப்பால் ஒரு முழு டின் ஊற்றினால் பார்க்கவே வேண்டியிருக்காது, அதில் ஏறக்குறைய பாதி சீனிதான். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. டின் மேலே 'சூசு செஜாட்' என்று போட்டிருந்தால் அது பால். 'கிரிமர் செஜாட்' என்று போட்டிருந்தால் பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது. கெட்டிப்பாலிலும் அப்படியே, 'சூசு பெக்காட் மானிஸ்' வேறு, 'கிரிமர் மானிஸ்' வேறு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும், விலையைப் பார்த்து எடுத்தால் கிரிமர்தான் கைக்கு வரும். தே தாரேக் தேநீருக்குக் கிரிமர் போதும். பாயாசத்துக்கு அது நாக்கில் ஒரு வழவழப்பை விட்டுப் போகும், பால் மணமும் இருக்காது. ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் உள்ள பாயாசத்தில் இன்னொரு எண்ணெயைச் சேர்ப்பதில் அர்த்தம் இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'தேங்காய் ஒன்று'. துருவிக் கையால் பிழிந்த ஒரு தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால், சில வீடுகளில் மூன்றாம் பாலும் வரும். சவ்வரிசி வெந்ததே இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும்தான். முதல் பால் கடைசியில்தான் வரும். இன்று பசாரில் மெஷினில் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சந்தானில் (தேங்காய்ப்பாலில்) இந்தப் பாகுபாடு கிடையாது. தண்ணீர் சேர்க்காமல் பிழிந்தால் அது முதல் பாலைவிடவும் கெட்டி. அதை மொத்தமாக ஊற்றிக் கொதிக்க வைத்தால் திரியாமல் என்ன செய்யும்?

தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது என்பது தெரிந்துவிட்டால் எந்தத் தாளும் தேவைப்படாது. தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதப்பதுதான் தேங்காய்ப்பால். அந்தத் துளிகள் ஒன்றோடு ஒன்று சேராமல் பார்த்துக்கொள்வது தேங்காயின் புரதம். 80 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏறினால் அந்தப் புரதம் இறுகித் திரள்கிறது. காவல் போன எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடி மேலே வருகின்றன, கீழே தயிர்த் திப்பி போல வெள்ளைத் துணுக்குகள் நிற்கின்றன. கறிக்கு இது நல்லது, 'பெச்சா மிஞ்ஞாக்' என்று மலாய்க்காரர்கள் காத்திருந்து பார்ப்பதே இந்த எண்ணெய் பிரிவதைத்தான். பாயாசத்துக்கு ஆகாது. கொதி ஒரு காரணம். புளிப்பு இன்னொரு காரணம். துருவிப் பல மணி நேரம் வெளியில் கிடந்த தேங்காய் மெல்லப் புளிக்கத் தொடங்கியிருக்கும், மூக்குக்குத் தெரியாது, ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் தெரியும். காலையில் பிழிந்து வாங்கிய சந்தானைச் சாயங்காலம் வரை மேசையில் வைத்திருந்து பாயாசத்தில் ஊற்றினால், அடுப்பை எவ்வளவு குறைத்தாலும் அது பிரியும். வாங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள், அன்றே தீர்த்துவிடுங்கள்.

பெட்டியில் வரும் சந்தான் ஏன் கொதித்தாலும் பிரிவதில்லை என்றால், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருளைத் தொழிற்சாலையிலேயே கலந்துவிடுகிறார்கள். மணம் கொஞ்சம் குறைவு, உறுதி அதிகம். முதன்முறை வைப்பவர்கள் 200 மில்லி பெட்டியில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தூளாக வரும் சந்தானில் பெரும்பாலும் பால் புரதம் கலந்திருக்கும், பாலே ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது மாற்றம் அடுப்பு. ரப்பர் மர விறகு எரியும் அடுப்பில் 'இறக்கு' என்றால் பானையை இறக்குவது இல்லை, விறகை வெளியே இழுப்பது. பானை தணலின் மேல் மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் முதல் பால் பதமாகக் கலக்கும். கேஸ் அடுப்பில் திருகைக் குறைத்தாலும் நடுவில் ஓரிடத்தில் தீ நாக்கு பானையைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். 'ஒரு கொதி வந்ததும் இறக்கு' என்பதை கேஸ் மொழியில் எழுத வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்: அடுப்பை அணை, ஐந்து நிமிடம் பொறு, பிறகு முதல் பால் ஊற்று.

இனி அளவு. 150 மில்லி டம்ளரில் 12 பேருக்கு: சிறிய சவ்வரிசி 100 கிராம், சேமியா 50 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், சீனி 180 கிராம், சீனி சேர்க்காத சுண்டக் காய்ச்சிய பால் ஒரு டின் (390 கிராம்), முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, நெய் இரண்டு மேசைக்கரண்டி, முந்திரி 50 கிராம், காய்ந்த திராட்சை 40 கிராம், ஏலக்காய் 6, பாண்டான் இலை (ரம்பை இலை) இரண்டு, உப்பு கால் தேக்கரண்டி. முதல் பால் கையில் பிழிந்ததாக இருந்தால் 200 மில்லி அப்படியே. பெட்டிச் சந்தான் என்றால் 150 மில்லியோடு 50 மில்லி தண்ணீர். பசாரில் தண்ணீர் விடாமல் பிழிந்தது என்றால் 130 மில்லியோடு 70 மில்லி தண்ணீர். பழைய டின் கணக்கில் சவ்வரிசி 115 வர வேண்டும், தெரிந்தே குறைத்திருக்கிறேன். தோட்டத்தில் அன்று வைத்த பாயாசம் அன்றே தீர்ந்தது. இப்போது குளிர்பெட்டியில் மறுநாளுக்கும் இருக்கிறது, மறுநாளும் கரண்டியிலிருந்து வழிய வேண்டும்.

கையால் பிழிவதானால், ஒரு நல்ல முற்றிய தேங்காய் துருவினால் 350 கிராம் போல வரும். அதில் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் முதல் பால். மறுபடி 500 மில்லி விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால், மேலே சொன்ன ஒரு லிட்டர் தண்ணீரில் பாதிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம். தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்றால், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துருவலைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் எண்ணெய் துருவலிலேயே தங்கிவிடும், வருவது வெறும் வெள்ளைத் தண்ணீர்.

சவ்வரிசியில் ஓர் எச்சரிக்கை. இங்கே 'சாகோ' என்று விற்பதில் சில சரவாக்கின் முக்கா வட்டாரம் போன்ற இடங்களில் சாகோ பனையிலிருந்து எடுப்பது, சில மரவள்ளிக்கிழங்கு மாவு. இந்தியக் கடையில் கிடைக்கும் சேலத்து ஜவ்வரிசியும் மரவள்ளிதான். பெரிய மணி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊற வைக்கலாம். இங்குள்ள பொடிமணிச் சாகோவை ஊற வைத்தால் மாவாகக் கரைந்து உட்கார்ந்துவிடும். அதைக் கழுவக்கூட வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் நேராகத் தூவ வேண்டும். கொதிக்காத தண்ணீரில் போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி உருண்டையாகிவிடும். இந்த ஒரு வரியை மறந்து பாழாகும் பானைகள்தான் அதிகம்.

செய்முறைக்கு வருவோம். அடி கனமான பானையில் நெய்யைக் காய வைத்து முந்திரியை வறுத்து எடுங்கள், பிறகு திராட்சை, அது உப்பியதும் எடுத்துவிடுங்கள். அதே நெய்யில் சேமியாவைச் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். பானையில் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்ட பாண்டான் இலையைப் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். சவ்வரிசியை ஒரு கையால் தூவ, மறு கை கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 12 முதல் 15 நிமிடத்தில் மணிகள் கண்ணாடியாகும், நடுவில் மட்டும் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியோடுதான் சேமியாவைப் போட வேண்டும். புள்ளி மறையும்வரை காத்திருந்தால் சேமியா வேகும் நேரத்தில் சவ்வரிசி குழைந்து கஞ்சியாகிவிடும். சேமியாவுக்கு நான்கு நிமிடம் போதும்.

இப்போது சீனி. வேகும் முன் சீனி போட்டால் சவ்வரிசி வேகாது, சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சில பாயாசங்களில் மணி வெளியே வழவழப்பாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும். சீனி கரைந்ததும் பாண்டான் இலையை எடுத்துவிட்டு டின் பாலை ஊற்றுங்கள். சிறு தீயில் ஓரத்தில் நுரை கட்டும்வரை மூன்று நிமிடம். டின் பால் ஏற்கெனவே கடும் சூட்டைப் பார்த்த பால், அதைத் தாங்கும்படி பதப்படுத்தியதும்கூட. அதனால் பசும்பாலைப் போலச் சட்டென்று திரியாது. அடுப்பை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து முதல் பால், உப்பு, பொடித்த ஏலக்காய், முந்திரி, கடைசியாகத் திராட்சை. திராட்சைக்கும் ஒரு புளிப்பு உண்டு, பாலோடு கொதிக்க விடக்கூடாது. கொதிக்கவே விடாவிட்டால் தேங்காய்ப்பால் பச்சையாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். பானையின் சூட்டிலேயே அது பக்குவமாகும். மூடி போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் பச்சை வாடை போய்விடும்.

அடுப்பிலிருந்து இறக்கும்போது பாயாசம் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ள வேண்டும். கோடு அப்படியே நின்றால் இப்போதே கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், ஆறினால் களி. மாவுச்சத்து ஆற ஆறத்தான் இறுகும். உடனே 200 மில்லி சுடுதண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மறுநாள் இறுகிப் போனதையும் மீட்கலாம். டம்ளருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சூடான பால் விட்டு, சிறு தீயில் மடித்து மடித்துக் கிளறினால் இளகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாயாசத்தில் பல்லில் மெழுகு போல வெள்ளைத் துணுக்கு தட்டுப்படுகிறதா? அது திரிந்ததல்ல, உறைந்த தேங்காய் எண்ணெய். சூடு காட்டினால் மறைந்துவிடும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள்.

உண்மையிலேயே திரிந்துவிட்டால்? ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை நான்கு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, பாயாசம் சூடாக இருக்கும்போதே ஊற்றி, சிறு தீயில் விடாமல் கிண்டினால் எண்ணெய் ஓரளவு உள்ளே இழுக்கப்படும். மாவு வேகும்வரை மட்டும் அடுப்பில் இருக்கட்டும். படையலுக்கு வைக்கலாம், விருந்தாளிக்கும் கொடுக்கலாம், வைத்தவருக்கு மட்டும் தெரியும். புளித்த பாலால் திரிந்ததென்றால் இந்த வைத்தியம் பலிக்காது, அதைக் கொட்டிவிடுங்கள்.

சீனிக்குப் பதில் குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) போடுகிற வீடுகளும் உண்டு, கெடாப் பக்கம் இதையே 'நீசான்' என்பார்கள். நிறம் போய்விடும், மணம் வந்துவிடும். 200 கிராம் குலா மெலாக்காவை உடைத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்டுங்கள், தேங்காய் நாரும் மண்ணும் இருக்கும். அந்தப் பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் பாயாசத்தில் சேர வேண்டும், அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். குலா மெலாக்காவுக்கும் வெல்லத்துக்கும் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு உண்டு. கொதிக்கும் பாலில் சேர்ந்தால் பால் திரியும், இரண்டும் ஆறியிருந்தால் திரியாது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கும் அச்சு வெல்லத்துக்கும் இதே விதிதான். குலா மெலாக்கா போட்டால் டின் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலை 400 மில்லியாக்குவதுதான் என் தேர்வு, இரண்டு பாலும் அந்த வெல்ல மணத்தோடு போட்டி போடும். ஏலக்காயையும் அப்போது நிறுத்திவிடலாம். வெண்ணிலா எசென்ஸ் எப்போதுமே வேண்டாம்.

படையலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அளவு உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். மறைந்த பெரியவர்களுக்குப் படைக்கும் முன் எந்தப் பலகாரத்தையும் வாயில் வைக்கக்கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். உப்பு, சீனி எதையும் ருசி பார்க்க முடியாது. 'பார்த்துப் போடு' என்று அம்மா சொன்னார் என்றால் கண்ணால் பார்த்துப் போடச் சொன்னார், நாக்கால் இல்லை. பல வருடம் ஒரே டின், ஒரே பானை, ஒரே கரண்டி வைத்திருந்தவருக்குக் கண் போதும். நமக்குத் தராசு வேண்டும். சீனி 180, உப்பு கால் தேக்கரண்டி என்று நிறுத்து வைத்துவிட்டால் ருசி பார்க்காமலே நம்பி இறக்கலாம். படையலுக்கு முன் ஒரு சாதாரண நாளில் இதே அளவில் பாதி வைத்துப் பார்த்து, உங்கள் வீட்டு இனிப்புக்கு ஏற்றபடி சீனியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். டின் பாலுக்குப் பதில் கெட்டிப்பால் சேர்த்தால், 100 கிராம் கெட்டிப்பாலுக்கு 45 கிராம் சீனியைக் குறைக்க வேண்டும்.

அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இன்னும் சமைக்கிறார்கள் என்றால், அவர்களிடம் 'எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். சரியான பதில் வராது, எரிச்சல்தான் வரும். சவ்வரிசிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு அவர்கள் கையருகே வையுங்கள். அவர்கள் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும். பிறகு மிச்சத்தை நிறுத்துக் கழித்தால் கைப்பிடி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். சேமியா, சீனி, நெய் எல்லாவற்றுக்கும் இப்படியே. வெறும் பானையை முதலில் நிறுத்துவையுங்கள், முடிந்ததும் பாயாசத்தோடு நிறுங்கள். போட்டதற்கும் மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசம் ஆவியான தண்ணீர். பானை வாயின் அகலத்தை அளந்து எழுதுங்கள், அகலமான பானையில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், குறுகிய பானையில் வற்றாது. ஒரே சமையலை இரண்டு அக்கா தங்கை இரண்டு விதமாக வைப்பதற்குப் பாதிக் காரணம் பானைதான்.

கல்யாண வீட்டுக்கோ ஓப்பன் ஹவுஸுக்கோ நூறு பேருக்கு வைப்பதானால், வாழை இலை விருந்தில் ஆளுக்கு 100 மில்லி கணக்கு, பத்து லிட்டர் வேண்டும். மேலே சொன்ன அளவைப் போல ஆறு மடங்கு போதும். தண்ணீரை மட்டும் ஆறு லிட்டர் வைக்காமல் ஐந்தரையில் தொடங்குங்கள். பெரிய பானையில் ஆவியாவது குறைவு. ஆனால் அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், அணைத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டே போகும். அதனால் முதல் பால் ஊற்ற ஐந்து நிமிடம் இல்லை, கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அடிப்பிடித்த வாடை வந்தால் கரண்டியை அடியில் போட்டுச் சுரண்டாதீர்கள். மேலிருப்பதை அப்படியே வேறு பானைக்குச் சாய்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். சுரண்டிவிட்டால் ஏலக்காய் ஒரு கைப்பிடி போட்டாலும் மறையாது. தேங்காய்ப்பால் சேர்ந்த பாயாசத்தை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது. விருந்து நீளும் என்றால் முதல் பால் ஊற்றாத பாயாசத்தைச் சூடாக வைத்திருந்து, பந்திக்குப் பந்தி பால் கலந்து பரிமாறுவது நல்லது.

இதே தேங்காய்ப்பால் விதிகள் பால் கொழுக்கட்டைக்கும் பொருந்தும், அங்கே கூடுதலாக ஒரு குழி இருக்கிறது. மாவு. மூன்று தலை யானை படம் போட்ட தாய்லாந்துப் பொட்டலத்தில் சிவப்பு எழுத்து அரிசி மாவு, பச்சை எழுத்து புலுட் (ஒட்டும் அரிசி) மாவு. பச்சையை எடுத்துவந்துவிட்டால் உருண்டைகள் ஒன்றாய் ஒட்டிப் பசையாகிவிடும். அரிசி மாவு 200 கிராமுக்குத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 220 மில்லி போல, கால் தேக்கரண்டி உப்பு. தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். தண்ணீர் கொதிக்காமல் இருந்தால் மாவு வேகாது, உருண்டை பாலில் கரையும். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டுங்கள், பெரிதாக உருட்டினால் நடுவில் மாவாகவே இருக்கும். கொதிக்கும் இரண்டாம் பால் 600 மில்லியில் போட்டு, மூன்று நிமிடம் கரண்டியே போடாதீர்கள். உருண்டைகள் தாமாக மேலே மிதந்து வரும், அதன் பிறகு கிண்டலாம். அணைத்து, ஆறிய குலா மெலாக்காப் பாகு, கடைசியில் முதல் பால் 200 மில்லி.

சந்தான் ஆகார் ஆகார் செய்கிறவர்கள் கேட்கும் கேள்வி நேர் எதிர்: முன்பெல்லாம் தானாகவே இரண்டு அடுக்காகப் பிரிந்ததே, இப்போது ஏன் பிரிவதில்லை? பெட்டிச் சந்தான் வாங்கியதால்தான். பிரியக்கூடாது என்றே செய்த பொருள் அது. தூள் ஆகார் 10 கிராம், தண்ணீர் 700 மில்லி, சீனி 180 கிராம் சேர்த்துத் தெளியும்வரை கொதிக்க வைத்து, புதிதாகப் பிழிந்த கெட்டிச் சந்தான் 300 மில்லியும் ஒரு சிட்டிகை உப்பும் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். ஆமாம், இங்கே கொதி வேண்டும். சூடாகவே தட்டில் ஊற்றி, அசைக்காமல் விட்டுவிட்டால் வெள்ளை மேலே, தெளிவு கீழே. நிற அடுக்குகளாக ஊற்றுகிறவர்கள், கீழ் அடுக்கு முழுதாக ஆறும்வரை காத்திருக்கக்கூடாது. விரலால் தொட்டால் ஒட்டாமல் ஆடும் நிலையில் அடுத்ததை ஊற்ற வேண்டும், ஆறிப்போனால் வெட்டும்போது அடுக்குகள் வழுக்கித் தனித்தனியாக வரும். ஆகார் கடற்பாசியில் எடுப்பது, மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின் இல்லை. மலாய் அண்டை வீட்டுக்கும் சைவம் சாப்பிடும் சீனர் வீட்டுக்கும் கவலையின்றி அனுப்பலாம். கஸ்டர்ட் மாவில் புட்டிங் செய்து கொடுப்பவர்கள் மட்டும் அதில் ஜெலட்டின் கலந்த ஜெல்லி சேர்க்கும் முன் பொட்டலத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, ஒரு பிடி சீனியாவது இருக்கும். அந்தச் சீனியையும் நிறுத்துவிட்டே அடுத்த பாயாசத்தில் போடுங்கள்.